செவ்வாய்க்கிழமை ஊதாத சங்கு

அத்தியாயம் 6

"ஞாயித்துக்கிழமை எந்த ஊர்லயாவது மில்லுச் சங்கு ஊதுமா மாமா? இது பேய்தான். சந்தேகமே வேண்டாம்."

ஏணி என்று பட்டப்பெயர் வாங்கிய மச்சான் இப்படிச் சொன்னபோது பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி அடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தச் சத்தம் அவன் காதுக்குள் பாய் விரித்துப் படுத்திருந்தது. ஊரடங்கு போட்டு நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது. மில் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே ஈ காக்கை கிடையாது, கரண்டும் கிடையாது. அப்படியிருந்தும் காலை எட்டு, மத்தியானம் பன்னிரண்டு, சாயந்தரம் ஐந்து என்று மூன்று வேளையும் சங்கு ஊதுகிறது. முப்பது வருஷமாக ஆள்களை வேலைக்குக் கூப்பிட்ட அதே சங்கு. கூப்பிட்டால் போவதற்குத்தான் ஆள் இல்லை.

"பேய்க்கு மணி பார்க்கத் தெரியுமாடா?" என்றார் லைன்மேன்.

"மில்லுல வேலை பார்த்த பேயா இருந்தா தெரியும்."

இருவரும் நடுத்தெருவில் நடந்தார்கள். நடுத்தெருவில் நடந்தால் திட்டுவதற்கு இப்போது வண்டி எதுவும் இல்லை. இரண்டு பக்கமும் கதவு சாத்திய வீடுகள். கதவுக்குப் பின்னால் மூச்சு இருக்கிறது என்பது தெரியும், முகம் தெரியாது. கடை வாசலில் ஆள் நிற்பதற்காகப் போட்ட சுண்ணாம்பு வட்டங்கள் காலி வட்டங்களாக வரிசையில் நின்றன. நின்றவர்களை யாரோ துடைத்து எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு வீட்டு வாசலில் கதவையே மறைத்துத் தகரம் அடித்திருந்தார்கள். அந்த வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல். தகரத்தின் இடுக்கு வழியாக ஒரு கை வெளியே வந்து, படியில் யாரோ வைத்துவிட்டுப் போன பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனது. ஏணி பார்க்காத மாதிரி நடந்தான்.

ஏணி லைன்மேனின் மனைவிக்குத் தம்பி. மின்சார அலுவலகத்தில் தினக்கூலி. லைன்மேனுக்கு ஏணி தூக்குவது அவன் வேலை. ஆளும் ஆறடிக்கு ஏணி மாதிரியே இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. லைன்மேனோ மீட்டரைப் பார்த்தே வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லிவிடுவார். போன வருஷம் களவு போன தண்ணீர் மோட்டாரை, எந்த வீட்டு மீட்டர் திடீரென்று வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்தே பிடித்துக் கொடுத்தவர். அன்றிலிருந்து ஊரில் எது தொலைந்தாலும் போலீசுக்கு முன்னால் அவர் வாசலில்தான் ஆள் நிற்கும். இந்த முறை தொலைந்தது ஒரு மனுஷன். மில் வாட்ச்மேன்.

முக்கில் போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவர்களுடைய மஞ்சள் சட்டையையும் தலைக்கவசத்தையும் தூரத்திலிருந்தே பார்த்தார். எழுந்திருக்கவில்லை. லத்தியால் காற்றில் எண்ணினார்.

"ரெண்டு ஆளு, ஒரு ஏணி. போங்க."

"முகத்தைக் கூடப் பார்க்க மாட்டேங்குறாரே மாமா."

"முகம் எங்க இருக்கு பார்க்கிறதுக்கு? எல்லாம் துணி."

வாட்ச்மேன் வீடு மில் குடியிருப்பில் கடைசி வீடு. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, ஜன்னலோரம் ஒரு தையல் மிஷின். வாட்ச்மேனின் சம்சாரம் மிஷினில் உட்கார்ந்து முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் வெட்டிப் போட்ட துணி. ஊரே இப்போது அவள் தைத்ததைத்தான் கட்டிக்கொண்டு திரிந்தது.

"ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதும்பாங்க. நீங்க மூடிட்டீங்களே அக்கா" என்றான் ஏணி.

அவள் சிரித்தாளா என்று தெரியவில்லை. அவளும் கட்டியிருந்தாள். கண் மட்டும்தான் வெளியே. அது ஒரு மாசமாகத் தூங்காத கண்.

"நாளைக் காலையில மேனேஜர் போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறாராம் அண்ணே. போன்ல சொன்னாரு. ஸ்டோர்ல இருந்த செப்புக் கம்பியைத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்காரரு ஓடிட்டாருன்னு. நானும் வீட்டைக் காலி பண்ணணுமாம்."

"கம்பி காணோம்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அவரு அவரு ஊர்ல வீட்டுக்குள்ள இருக்காரு. ஆளைக் காணோம், அப்ப கம்பியையும் காணோம்கிறாரு."

"இருந்த இடத்துல இருந்தே திருடனைப் பிடிச்சுட்டாரே! நாம எதுக்கு மாமா வெயில்ல அலையுறோம்?"

லைன்மேன் அவனைப் பார்த்த பார்வையில் அவன் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டு வாயையும் சாத்திக்கொண்டான்.

"கடைசியா எப்பம்மா பேசினாரு?"

"சரியா நாலு வாரம். அன்னிக்கும் ஞாயித்துக்கிழமை." அவள் மிஷினை நிறுத்தினாள். "'கேட்டுக்குச் சோறு கொண்டு வராத. கேன்டீன் அரிசி இருக்கு, பொங்கிக்கிறேன். பதினாலு நாளைக்கு என் பக்கம் யாரும் வரக் கூடாது. ஏன்னு கேக்காத. போன்ல சார்ஜ் சாகப் போகுது. நாளையிலிருந்து சங்கு ஊதுறேன். சங்கு கேட்டா நான் இருக்கேன்னு வச்சுக்க.' அவ்வளவுதான் பேசினாரு. மறுநாள் காலையில எட்டு மணிக்கு ஊதுச்சு."

"இதைப் போலீஸ்ல சொல்லலையா?"

"சொன்னா காய்ச்சலான்னு கேப்பாங்க. இந்த வரிசையில இருபத்துநாலு வீடு. இருபத்துநாலுக்கும் தகரம் அடிச்சுடுவாங்க. அதுக்குப் பயந்துதானே அவரு உள்ளேயே கிடக்குறாரு? சொல்லாம விட்டா திருடன்கிறாங்க. சொன்னா நோயாளிங்கிறாங்க. நான் எதைண்ணே சொல்லட்டும்?"

பதினாலு நாள் போய், இன்னொரு பதினாலும் போய்விட்டது. ஆள் வரவில்லை. கேட்டில் நின்று போலீஸ்காரர் இரண்டு தடவை கத்திப் பார்த்திருக்கிறார். பதில் இல்லை. மேனேஜர் எழுதிக் கொடுக்காமல் பூட்டை உடைக்க முடியாது என்று போய்விட்டார். அக்கம்பக்கத்தில் பேய் என்று சொல்லி, சங்கு ஊதும் நேரத்தில் பிள்ளைகள் காதைப் பொத்துகிறார்கள்.

அவள் மிஷின் பெட்டியிலிருந்து ஒரு துணி நாடாவை எடுத்து நீட்டினாள். விரல் அகலம், முழ நீளம். அதில் சிவப்பு நூலில் வரிசையாகத் தையல். "ஒரு சங்குக்கு ஒரு தையல்" என்றாள். "ஊதாத நாளைக்கு இடம் விட்டிருக்கேன்."

லைன்மேன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். முதல் வாரம் திங்கள் முதல் சனி வரை மூன்று மூன்றாகத் தையல். ஞாயிறு காலி. அடுத்து திங்கள், செவ்வாய், புதன். பிறகு வியாழன், வெள்ளி இரண்டு நாளும் காலி. சனிக்கிழமை மறுபடி தொடங்குகிறது. ஞாயிறு, திங்கள் ஊதியிருக்கிறது. செவ்வாய் காலி. அப்புறம் ஆறு நாள் தையல். மறுபடி செவ்வாய் காலி. பிறகு இன்று வரை விடாமல்.

ஏணியும் தலையை நீட்டிப் பார்த்தான். அவனுக்கு வேறொன்று கண்ணில் பட்டது. முதலில் இருந்த தையல்களின் முனையில் எல்லாம் கடுகு மாதிரி ஒரு முடிச்சு. நடுவில் அந்த இரண்டு நாள் காலி இடத்தைத் தாண்டினால் முடிச்சே இல்லை.

"நூல் மிச்சம் பிடிக்கிறீங்களாக்கா? பாதிக்கு மேல முடிச்சே போடலையே."

"காதுல எப்படி விழுந்துச்சோ அப்படித் தச்சேன் தம்பி."

அவள் சொன்னது ஏணிக்குப் புரியவில்லை. லைன்மேன் காதில் அது விழவே இல்லை. அவர் செவ்வாய்க்கிழமையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏண்டா, வாரத்துக்கு ஒரு நாள் லீவு போடுற பேயை எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?"

"யூனியன்ல சேர்ந்த பேயா இருக்கும்."

"மில்லுக்கு வார லீவு என்னிக்கு?"

"ஞாயிறு."

"முதல் வாரம் ஞாயித்துக்கிழமை லீவு விட்ட ஆளு, அப்புறம் ஏன் செவ்வாய்க்கிழமை விடுறாரு? அதுவும் ரெண்டு தடவை?" நாடாவில் அந்த இரண்டு நாள் காலி இடத்தின் மேல் விரலை வைத்தார். "உள்ள இருக்கிற ஆளுக்குச் செவ்வாய்தான் ஞாயிறு. ரெண்டு நாள் பின்னால ஓடுறாரு. புதன்கிழமை சாயந்தரம் ஊதிட்டுப் படுத்திருக்காரு. காய்ச்சல். ரெண்டு நாள் நினைவே இல்லாம கிடந்திருக்காரு. கண்ணு முழிச்சப்ப ஒரு ராத்திரிதான் போச்சுன்னு நினைச்சு எழுந்து ஊதியிருக்காரு. அவரு கணக்குல அது வியாழன். நமக்குச் சனி."

ஏணிக்கு மேலெல்லாம் புல்லரித்தது. ஆளே இல்லாத மில். வேலைக்கு வர ஒருத்தனும் இல்லை. அப்படியும் வார லீவன்று சங்கு ஊதக் கூடாது என்று கை கட்டி உட்கார்ந்திருக்கிற ஒரு மனுஷன். மில்லில் பாதி ஆயுளைப் போட்டவனைத் தவிர வேறு யாருக்கு இந்தப் புத்தி வரும்?

"திருடிக்கிட்டு ஓடினவன் சங்கு ஊத மாட்டான். பேய் லீவு விடாது. உள்ள உசிரோட ஒரு ஆளு இருக்காரும்மா. உடம்பு தளர்ந்திருக்கும், அதான் கேட் வரைக்கும் வர முடியல. ஃபியூஸ் கட்டையை நானே பிடுங்கி ஆபீஸ்ல வச்சிருக்கேன். கரண்டுச் சங்கு ஊத வழியில்ல. கைச்சங்குதான். கையால சுத்துறாரு." லைன்மேன் குரலில் சந்தோஷம் இருந்தது. "அஞ்சு மணிக்குள்ள கூட்டிக்கிட்டு வந்துடுறோம்."

அவள் சந்தோஷப்படவில்லை. நாடாவை வாங்கி மடித்தாள்.

"உள்ள யாரு இருக்காங்கன்னு பார்த்துச் சொல்லுங்கண்ணே. அது போதும்."

வாசல் தாண்டும்போது இன்னொரு தடவையும் அதையே சொன்னாள். "யாரு இருக்காங்கன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

* * *

மில் கேட்டில் மேனேஜர் பூட்டு. சின்னக் கேட் உள்பக்கம் தாழ். ஆனால் மில்லுக்கு மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்பது மின்சார அலுவலகத்துக்கு மட்டும் தெரியும். டிரான்ஸ்பார்மர் கூண்டுக்குத் தெருப்பக்கம் ஒரு கதவு. அதன் சாவி லைன்மேன் இடுப்பில். கூண்டின் உள்பக்கம் ஆள் உயரத்துக்குக் கம்பி வலை. ஏணியைச் சாத்தினால் மில்.

"பதினெட்டு வருஷமா தூக்குறேன். இன்னிக்குத்தான் இது உருப்படியா ஒரு வேலை செய்யுது" என்றான் ஏணி, வலையைத் தாண்டிக் குதித்தபடி. அவன் குரல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. தன் குரலுக்கே பயந்து, அதற்கு மேல் மெதுவாகப் பேசினான்.

தறிக்கூடத்தின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் தறிகள் பாதித் துணியோடு நின்றன. கடைசி ஷிப்ட் கலையும்போது எப்படி விட்டார்களோ அப்படியே. ஆணியில் சாப்பாட்டுப் பைகள். ஒரு தறி மேல் தேநீர் குடித்த கிளாஸ். அடியில் கறுப்பாகக் காய்ந்த வட்டம். நாளைக்கு வருகிறேன் என்று போனவர்கள் யாரும் வரவில்லை. பஞ்சுத் தூசி தரை முழுக்கப் போர்வை போட்டிருந்தது. அதன் மேல் ஒரே ஒரு தடம், வெறுங்கால் தடம். கேட் அறையிலிருந்து சங்கு மேடைக்கும், அங்கிருந்து கேட் அறைக்கும். போய்ப் போய்த் தேய்ந்து, ஒற்றையடிப் பாதை மாதிரி பளபளத்தது.

"பேய்க்குக் கால் கிடையாதும்பாங்க" என்றான் ஏணி.

"அதான் சொல்றேன், ஆளுன்னு. வா."

வழியில் ஸ்டோர் ரூம். பூட்டும் அரக்கு முத்திரையும் போட்டது போட்டபடி இருந்தன. கதவிலிருந்த கம்பி வலை வழியாகச் செப்புக் கம்பிச் சுருள்கள் தெரிந்தன. மேனேஜர் நாளைக்கு எழுதப் போகிற புகார் இங்கே செத்துப் போனது. ஏணிக்கு அப்போதே திரும்பி ஓடிப் போய் வாட்ச்மேன் சம்சாரத்திடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

கேட் அறைக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே துடைத்து வைத்த மாதிரி சுத்தம். மேஜை, விளக்கு, அடுப்பு, ஓடுகிற ஒரு கடிகாரம். மூலையில் ஒரு கட்டில். கட்டிலில் மடித்த காக்கிச் சட்டை, அதன் மேல் தொப்பி, அதன் மேல் ஒரு கைபேசி. பூஜைக்கு வைத்த மாதிரி. ஆள் படுக்கிற பாயோ கட்டிலுக்குக் கீழே, தரையில் கிடந்தது.

சுவரில் தினசரிக் காலண்டர். லைன்மேன் தொடையில் தட்டிக்கொண்டார். "பார்த்தியா? வெள்ளிக்கிழமை! இன்னிக்கு ஞாயிறு. சரியா ரெண்டு நாள் பின்னால. நான் என்ன சொன்னேன்?"

"சொன்னீங்க மாமா. ஆனா கட்டில் இருக்கும்போது எதுக்குக் கீழ படுக்கிறாரு?"

லைன்மேன் மேஜைப் பக்கம் திரும்பியிருந்தார். மேஜை மேல் டூட்டி நோட்டு திறந்து கிடந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் மூன்று கட்டம்; எட்டு, பன்னிரண்டு, ஐந்து. ஒவ்வொரு கட்டத்திலும் வாட்ச்மேன் கையெழுத்து, வால் சுழித்த கையெழுத்து. அந்த இரண்டாவது வாரம் புதன்கிழமை ஐந்து மணிக் கட்டம் வரை. அடுத்த கட்டத்திலிருந்து கையெழுத்து இல்லை.

நீல மையில் கட்டை விரல் ரேகை. மூன்று மூன்றாக, கட்டம் தாண்டாமல், பக்கம் பக்கமாக. இன்று பன்னிரண்டு மணிக் கட்டம் வரை.

"மாமா." ஏணி நோட்டின் மேல் குனிந்தான். "கையெழுத்துப் போடத் தெரிஞ்சவரு எதுக்கு ரேகை வைக்கிறாரு?"

லைன்மேன் தலைக்கவசத்தைக் கழற்றினார். எத்தனையோ மீட்டரைச் சரியாகப் படித்தவர், ஒரு முழ நாடாவைத் தப்பாகப் படித்துவிட்டார். ஏணி அதை அவர் முகத்தில் பார்த்தான். பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்த மாதிரி திரும்பிக்கொண்டான்.

திரும்பினால் வாசலில் ஒரு ஆள்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். எலும்பின் மேல் தோலைக் காயப் போட்ட மாதிரி உடம்பு. நரைத்த தாடி. கை நகத்தில் எல்லாம் சிமெண்ட் தின்ற தழும்பு. கட்டட வேலை பார்க்கிற கை. வலது கட்டை விரல் நீலமாக இருந்தது. அவன் ஓடவில்லை. சுவரோடு ஒட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான்.

"அடிக்காதீங்கய்யா. நான் கொல்லலைங்க."

"யாரும் அடிக்க வரல. எழுந்திரு" என்றார் லைன்மேன். அவன் எழுந்திருக்காததால் அவரே போய், கொஞ்சம் தள்ளி எதிரில் உட்கார்ந்தார். "நீ யாரு?"

"கொத்தனாருக்குக் கையாளுங்க. சைட்டை மூடிட்டாங்க. பஸ்சு இல்ல. நடந்தே ஊருக்குப் போயிடலாம்னு கிளம்பினேன். நாலு நாள் நடந்தேன். இந்தச் சுவரோரம் விழுந்துட்டேன். காய்ச்சல். எல்லாரும் கல்லெடுத்து விரட்டினாங்க. அவரு ஒருத்தருதான் சின்னக் கேட்டைத் திறந்தாரு."

வாட்ச்மேன் தன் கட்டிலில் அவனைப் போட்டார். கஞ்சி ஊற்றினார். தொட்டாகிவிட்டது, இனி வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று அன்றைக்கே போன் செய்து சொல்லிவிட்டார். பத்து நாளில் இவனுக்கு இறங்கிய காய்ச்சல் அவருக்கு ஏறியது.

"அந்தப் புதன்கிழமை சாயந்தரம் சங்கு மேடைக்கு அவரைத் தோள்ல சாய்ச்சுக் கூட்டிப் போனேன். அவரே சுத்தினாரு. வந்து படுத்தாரு. எனக்கும் மறுபடி அனல் மாதிரி அடிச்சுது. அவரு பக்கத்துலயே சுருண்டுட்டேன். முழிச்சுப் பார்த்தா விடிஞ்சிருந்துச்சு. அவரு... ஜில்லுன்னு இருந்தாருங்க. ஒரு ராத்திரிதான்னு நினைச்சேன்."

"ரெண்டு நாளாயிருக்கு" என்றார் லைன்மேன்.

அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். இரண்டு நாள் ஒரு பிணத்தோடு படுத்துக் கிடந்திருக்கிறான் என்பது இப்போதுதான் அவனுக்கே தெரிகிறது.

"போலீஸ் வந்து கூப்பிட்டாங்களே. ஏன் பதில் சொல்லல?"

"நோய் என்னோடதுங்க. போனது அவரு. நான் என்னன்னு சொல்லுவேன்?" தலையைத் தொங்கப் போட்டான். "சங்கு மட்டும் நிக்கக் கூடாதுன்னு கைய புடிச்சுச் சொன்னாரு. அவ காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பா, நின்னா தாங்க மாட்டான்னாரு. காலண்டர்ல தினம் ஒரு தாள் கிழி. சிவப்புத் தாள் வந்தா மில்லு லீவு, அன்னிக்கு ஊதாதன்னாரு. எனக்கு எழுத்து தெரியாதுங்க. சிவப்பு தெரியும்."

பாய்லர் கொட்டகைக்குப் பின்னால் அவன் கூட்டிப் போய்க் காட்டினான். ஒரு மண் மேடு. சுற்றிலும் செங்கல் வைத்து, நூல் பிடித்து மட்டம் பார்த்து, இடுக்கில் எல்லாம் கலவை பூசியிருந்தான். அளவு பிசகாத வேலை. காய்ச்சலோடு, தனியாக, அழுது கண் மறைக்க ஒருத்தன் செய்த வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

ஏணி குனிந்து மேட்டின் மேல் கிடந்த ஒரு சருகை எடுத்துப் போட்டான்.

* * *

திரும்பி வரும்போது மணி நாலே கால். நோட்டு லைன்மேன் சட்டைக்குள். நாளைக் காலை தானே அந்தக் கையாளைக் கூட்டிக்கொண்டு போய்ப் போலீசில் எல்லாம் சொல்வதாக முடிவு செய்துவிட்டார். ஸ்டோர் முத்திரை இருக்கிறது, நோட்டு இருக்கிறது. திருட்டுப் பட்டம் ஒழிந்தது. அதெல்லாம் சரி. அவளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

"நீங்களே சொல்லுங்க மாமா. நான் எதையாவது உளறிடுவேன்."

"நான் உசிரோட இருக்காருன்னு சொல்லிட்டு வந்தேன்டா." லைன்மேன் தெரு நடுவில் நின்றுவிட்டார். "என் வாயால சொல்லிட்டு வந்தேன்."

அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். இரண்டு பேர்தான் வருகிறார்கள் என்பதைத் தூரத்திலேயே எண்ணியிருப்பாள். லைன்மேன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளே கேட்டாள்.

"ஊதுறது யாருண்ணே?"

லைன்மேன் சொன்னார். எதையும் விடாமல், எதையும் கூட்டாமல் சொன்னார். செங்கல் மட்டத்தைக்கூடச் சொன்னார். அவள் நிலைப்படியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முகக்கவசத் துணி நனைந்து முகத்தோடு ஒட்டியது.

"தப்பாச் சொல்லிட்டேம்மா. உள்ள உசிரோட இருக்காருன்னு..."

"ஒரு ஆளு உசிரோட இருக்காருன்னுதானே சொன்னீங்க? இருக்காரே." அவள் நாடாவை எடுத்து விரித்தாள். "எனக்கு அந்தச் சனிக்கிழமையே தெரியும்ணே. அவரு சங்கு ஊதினா, சத்தம் இறங்கி அடங்கப் போற நேரத்துல கைப்பிடியை இன்னும் ஒரு அரைச் சுத்து சுத்துவாரு. சின்னதா ஒரு வால் மாதிரி எழும்பும். 'வரட்டுமா'ன்னு கேக்குற மாதிரி இருக்கும். கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து, கரண்டு போய் அவரு கைச்சங்கு சுத்துறப்ப எல்லாம் அப்படித்தான். வால் இருந்தா முடிச்சுப் போட்டேன். சனிக்கிழமையில இருந்து வால் இல்ல."

ஏணி தரையைப் பார்த்தான். நூல் மிச்சம் பிடிக்கிறீங்களா என்று கேட்ட வாயை அறுத்துப் போடலாம்போல் இருந்தது.

"தெரிஞ்சும் ஏம்மா..."

"யாரோ ஒருத்தரு எனக்காக விடாம ஊதுறாங்க. நான் போய்ச் சொல்லிட்டா அதுவும் நின்னுடுமேன்னு இருந்துச்சு." கண்ணைத் துடைத்தாள். மணி பார்த்தாள். "அஞ்சு மணிக்கு நான் ஊதணும்ணே."

"உங்ககிட்ட பாஸ் இல்லையேம்மா. முக்குல போலீஸ் நிக்குது."

ஏணிதான் மஞ்சள் சட்டையைக் கழற்றினான். தலைக்கவசத்தையும் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"நான் ஆறடி. அக்கா அஞ்சடி" என்றான் மாமாவிடம். "தேறுமா?"

"அவரு தலையை எண்ணுவாரு. அளக்க மாட்டாரு."

ஜன்னல் வழியாக ஏணி பார்த்துக்கொண்டிருந்தான். முன்னால் லைன்மேன். பின்னால் புருஷனின் பழைய கால்சட்டையில் அவள், தோளில் ஏணி. முக்கில் லத்தி காற்றில் இரண்டு தடவை அசைந்து, ஏணிக்காக மூன்றாவது தடவையும் அசைந்து, கீழே இறங்கியது. அவர்கள் திருப்பத்தில் மறைந்தார்கள்.

அந்தச் சின்ன அறையில் அவன் தனியாக இருந்தான். தையல் மிஷினில் பாதி தைத்த முகக்கவசம் ஊசியில் மாட்டியபடி நின்றது. கொடியில் ஒரு காக்கிக் கால்சட்டை காய்ந்து விறைத்திருந்தது. ஒரு மாசமாக யாரும் எடுக்கவில்லை போலிருக்கிறது. அடுத்த வீட்டில் ஒரு பிள்ளை, "அம்மா, பேய் ஊதப் போற நேரம்" என்று ஓடுவது கேட்டது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

ஐந்து மணி.

சங்கு முதலில் முனகியது. பழகாத கை. பிறகு ஏறியது. ஏறி, குடியிருப்புக் கூரைகளையும் தகரம் அடித்த வாசல்களையும் காலி வட்டங்களையும் தாண்டி, ஊர் முழுக்க நிறைந்தது. வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. இறங்கி, இறங்கி, அடங்கப் போகிற நேரம்.

ஏணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

அரைச் சுற்று. சின்னதாக ஒரு வால் எழும்பியது. வரட்டுமா என்று கேட்பதுபோல்தான் இருந்தது.

அடுத்த வீட்டில் யாரோ, "அவருதான்! வாட்ச்மேன்தான்!" என்று கத்தினார்கள். சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஏணி மிஷின் பெட்டியைத் திறந்து, அவள் வைத்துவிட்டுப் போன நாடாவை எடுத்தான். ஊசியில் சிவப்பு நூலைக் கோக்க அவனுக்கு ஐந்து தடவை பிடித்தது. ஏணி தூக்கிக் காய்த்த விரல். கடைசித் தையலுக்குப் பக்கத்தில் கோணல்மாணலாக ஒரு தையல் போட்டான். நூலை இழுத்து, முனையில் ஒரு முடிச்சும் போட்டான்.